பதினாலாம் நம்பர் வீட்டுத் தூசு

ஜூன் 11, புதன்

பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நோட்டு கொண்டுவந்தாள். கட்டம் கட்டமாக அச்சடித்தது. இன்று என்ன துவைத்தீர்கள், எத்தனை தடவை பெருக்கினீர்கள், ஜன்னல் திறந்திருந்ததா, வேலைக்குப் போய் வந்தவர் செருப்பை எங்கே கழற்றினார். நாற்பது நாள் எழுத வேண்டுமாம்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் அறிவியல் பாடத்தில் புதுத் திட்டம். புத்தகத்தில் இருப்பதை ஊருக்குள் போய்ப் பார்ப்பது. ஒரு வகுப்பை ரொட்டிக் கடையோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள், ஒரு வகுப்பைத் தண்ணீர் ஆபீசோடு. இவள் வகுப்பு பேட்டரி ஆலையோடு. பாதிப் பேருடைய அப்பாக்கள் அங்கேதான் வேலை. பள்ளிக்கூடமும் ஆலையும் கூட்டாளி என்றாள்.

"நான் அஞ்சாவது வரைக்கும்தான்டி" என்றேன்.

"அது போதும்மா. நல்லா இருக்கணும்னு எழுத வேணாம், நடந்ததை எழுதுங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

ஒரு கட்டத்தில் மூன்று சொல்லுக்கு மேல் பிடிக்காது. மிச்சத்தை எங்கே வைப்பது? அதனால் இந்த நோட்டை எடுத்தேன். சின்னவள் படம் வரைகிற நோட்டு. முன்னால் பதினோரு பக்கம் அவள் கிறுக்கியிருக்கிறாள். நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஜூன் 12

கட்டத்தில் எழுதியது: பெருக்கியது 2 தடவை. ஜன்னல் திறந்திருந்தது. இன்று முழுக்க நடந்ததும் இவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

துவைக்கிற நாள்.

முதலில் அவர் சட்டைகளைப் பின்வாசல் படியில் நின்று உதறுவேன். அவருக்குப் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகையில் வேலை. சட்டை மடிப்பிலெல்லாம் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி தூசு உட்கார்ந்திருக்கும். உதறாமல் நனைத்தால் சேறாகிவிடும், சோப்பு நுரைக்காது. காய்ந்த அழுக்கு காற்றுக்கு, ஈர அழுக்கு சோப்புக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். பிறகு நீல டப்பில் ஊறப்போட்டுக் கசக்கி எடுப்பேன். அவ்வளவு நுரை இருக்கிற தண்ணீரைக் கொட்ட மனசு வராது. அதிலேயே சின்னத் துணிகளையும் அலசிவிடுவேன். பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார் சொல்லிக்கொண்டு திரிவாள்: "எங்க அண்ணி ஒரு சோப்புக் கட்டியில ஒரு பரம்பரையையே வெளுத்துடுவாங்க."

நான் உதற ஆரம்பித்தால் சின்னவள் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவாள். சட்டைக்குக் கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து, முகத்தை அண்ணாந்து வாயைத் திறந்துகொள்வாள். "அம்மா, மழை. இன்னும் மழை." தலையெல்லாம் நரைத்துப் போகும். சிரிக்கிறாளே என்று நானும் இன்னும் இரண்டு உதறு உதறுவேன்.

அவள் கவுன் இரண்டையும் வாராவாரம் துவைத்துத்தான் வைக்கிறேன். அலமாரியிலேயே கிடந்தால் வாடை வந்துவிடும்.

கட்டத்தில் எழுதியது: சட்டை 3. கவுன் 2. அதே தண்ணீர்.

ஜூன் 17

மார்ச் மூன்றாம் தேதிக்குப் பிறகு இன்றுதான் ஒரு விஷயத்துக்காக மனசு பறக்கிறது. எழுதி வைக்கிறேன்.

சின்னவளுக்கு வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு ராத்திரி. நாலு வயசு. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ஈயம் ஏறியிருக்கு. அப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார். பாதுகாப்பு மேடம் என்று ஒருத்தி இருக்கிறாள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சொன்னாளாம்: "எங்க புகைபோக்கி எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு. குழந்தை எங்க எதைத் தின்னுச்சோ. பொம்மைப் பெயிண்ட்ல கூட ஈயம் இருக்கும்ங்க."

பொம்மை. அவளிடம் இருந்த ஒரே பொம்மை நான் பழந்துணியில் தைத்தது.

இப்போது பிள்ளைகள் இருபது வீட்டில் தூசு எடுக்கப் போகிறார்கள். பஞ்சால் துடைத்து மருந்து விட்டால், ஈயம் இருந்தால் சிவக்குமாம். எங்கள் தெரு ஆலை மதிலை ஒட்டி இருக்கிறது. சிவக்காமல் எங்கே போகும்? ஒரு காகிதத்தில், ஒரே ஒரு காகிதத்தில், ஆலைதான் காரணம் என்று வரட்டும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வரட்டும்.

"நம்ம வீட்டுலதான் முதல்ல எடுக்கணும்" என்று பெரியவளிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

வந்தார்கள். ஆறு பெண் பிள்ளைகளும் அறிவியல் டீச்சரும். கையுறை, மூக்குக்கு மூடி, ஆளுக்கொரு பெட்டி. எல்லாம் ஆலை கொடுத்தது. பெட்டி மேலே ஆலைப் பெயர்.

பெரியவள் தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளி மாதிரி நின்றாள். "இது பதினாலாம் நம்பர் வீடு" என்று மற்ற பிள்ளைகளிடம் சொல்கிறாள். வீட்டுக்குப் பெயர் எழுதக் கூடாதாம், நம்பர்தான். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் பெட்டியைத் திறந்து மூடினாள்.

ஜன்னல், வாசப்படி, கட்டிலுக்கு அடி, சாமான் அலமாரி எல்லாம் துடைத்தார்கள். உயரமான ஒரு பிள்ளை நீல டப்பைக் காட்டி, "ஆன்ட்டி, இதுல யார் குளிப்பாங்க?" என்று கேட்டாள்.

"என் சின்னப் பொண்ணு."

"அவ எங்க?"

பெரியவள் அந்தப் பிள்ளையின் காலை மிதித்தாள். நான் பார்த்தேன். டீச்சர் என் கட்ட நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, "இந்த கவுன் ரெண்டும்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. பிறகு, "ரொம்ப விவரமா எழுதியிருக்கீங்கம்மா. இருபது வீட்டுல உங்க நோட்டுதான் உருப்படி" என்றார்.

ஐந்தாவதில் கூட என்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை.

ஜூன் 21

நாத்தனார் வீட்டிலும் எடுத்திருக்கிறார்கள். பதினைந்தாம் நம்பர். அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவர், ஆலைக்குள் கால் வைத்ததில்லை. "எங்க வீட்டுல என்ன இருக்கப் போகுது அண்ணி, ஏதோ பிள்ளைங்க ஆசைக்குத் துடைச்சிட்டுப் போகட்டும்" என்கிறாள். அவள் ஜன்னல் நேரே ஆலையைப் பார்த்துதான் இருக்கிறது. சிவக்கும்போது தெரியும்.

ஜூன் 27, வெள்ளி

டீச்சர் என்னை வகுப்புக்கே கூப்பிட்டுவிட்டார். ஊரில் வேலை தெரிந்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். போன வாரம் ரொட்டிக் கடைக்காரர் வந்து மாவு எப்படி உப்புகிறது என்று சொல்லியிருக்கிறார். இந்த வாரம் துவைப்பது எப்படி என்று நான்.

இருக்கிறதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு போனேன். நாற்பது பிள்ளைகள். முதலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு காலர் எண்ணெய்க்கறையை எப்படி எடுப்பது என்று ஆரம்பித்ததும் வாய் தன்னால் போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். "எங்கம்மாவை உங்ககிட்ட அனுப்பணும் ஆன்ட்டி" என்றாள் ஒருத்தி. நான்கூடச் சிரித்தேன். நாலு மாசத்துக்குப் பிறகு என் சிரிப்புச் சத்தம் எனக்கே யாரோ மாதிரி இருந்தது.

"வேலைச் சட்டையில தூசு இருந்தா என்ன பண்ணுவீங்க?" கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல். நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. வகுப்புப் பிள்ளை இல்லை. ஆலையின் பாதுகாப்பு மேடம். எனக்கு அப்போது தெரியாது.

"முதல்ல நல்லா உதறணும்" என்றேன். டீச்சர் நாற்காலியில் கிடந்த ஒரு கோட்டை எடுத்து, தோள் இரண்டையும் பிடித்து, பளார் பளார் என்று உதறிக் காட்டினேன். "நல்லா ஓங்கி. மடிப்புல ஒரு துளி நிக்கக் கூடாது."

பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை. பெரியவள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப அழகா சொன்னீங்க அக்கா" என்று அந்த மேடம் பக்கத்தில் வந்தாள். "இன்னொரு தடவை உதறுங்களேன், போட்டோ எடுத்துக்கறேன்."

உதறினேன்.

ஜூலை 1

காகிதம் எப்போது வரும் என்று பெரியவளிடம் கேட்டேன். பெரிய லேப்புக்கும் அனுப்பியிருக்கிறார்களாம். "வரும்மா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஜூலை 5, சனி

பெரியவள் தன் துணியைத் தனியாகத் துவைக்கிறாள். காலையில் நான் எழுவதற்கு முன்னால் தெருக்குழாயடியில், புது வாளியில். தட்டையும் தனியாகக் கழுவி எடுத்துப் போய் வாசலில் உட்கார்ந்து தின்கிறாள். மூன்று நாளாகப் பார்க்கிறேன்.

"என்னடி, நான் தொட்டா ஒட்டிக்குமா?"

வாளியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"பெரிய படிப்பு படிக்கிறவளுக்கு அம்மா கை அசிங்கமாப் போச்சா?"

அடித்துவிட்டேன். கன்னத்தில் கைவிரல் பதிந்தது. அப்போதும் அழவில்லை. உள்ளே போய் அந்தக் கன்னத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பெற்றது ரெண்டு. ஒண்ணு போச்சு. ஒண்ணு இருக்கு, என்னைக் கழுவிக்கிட்டு.

ஜூலை 9

இன்று அவளே சொன்னாள். பின்வாசல் படியில் உட்கார வைத்துச் சொன்னாள், டீச்சர் மாதிரி.

நாத்தனார் வீட்டு ஜன்னல் பஞ்சு வெள்ளை. எங்கள் ஜன்னலிலும் லேசாகத்தான். மதிலை ஒட்டி இருக்கிற ஏழு வீட்டில், ஆலையில் ஆள் வேலை செய்யாத மூன்று வீட்டிலும் ஒன்றுமே இல்லை. நாலு தெரு தள்ளி, ஆனால் ஆலைக்காரர் இருக்கிற வீடுகளில் இருக்கிறது. எங்கள் பின்வாசல் படியில் பஞ்சு செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. நீல டப்பில் அதற்கும் மேலே. அளவு காட்டுகிற அட்டையில் அந்தச் சிவப்பே இல்லையாம்.

"காத்துல வரலம்மா. சட்டையில வந்திருக்கு."

"சட்டையில வந்தா? நான்தான் உதறிடறேனே."

சொல்லி முடிக்கும்போதே எனக்குக் கேட்டுவிட்டது, நான் சொன்னது.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி என்று பேச்சுக்குச் சொல்வோம். ஊற்றினால் எப்படி இருக்கும் என்று தெரியாமல்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"சின்னப் பிள்ளைங்க உடம்பு பெரியவங்களைவிட அதிகமா இழுத்துக்கும்மா. வாயில போனா இன்னும்..." என்று சொல்லிக்கொண்டே போனாள். நிறுத்துடி என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கும் நிறுத்தத் தெரியவில்லை.

இன்னும் மழை. இன்னும் மழைன்னா. நான் போட்டேன்.

ஜூலை 10

கட்டத்தில் எழுதியது: ஒன்றும் துவைக்கவில்லை.

ஜூலை 13

அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆலையில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். கொட்டகை ஆட்கள் எல்லோருக்கும் முன்னால், பாதுகாப்பு மேடம் மைக்கில். நம்பர்தான் சொன்னாளாம், பெயர் சொல்லவில்லையாம். ரொம்ப நல்லவள்.

வந்து சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கே போடுவது என்று தெரியாமல். வழக்கமாக என் கையில் கொடுப்பார்.

"ரெண்டு மாசம் அவங்க ஆபீஸ் வாசல்ல நின்னு கத்தினேன். புள்ளையைக் கொன்னுட்டீங்கடான்னு. எல்லாரும் பார்த்தாங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

நான் கை நீட்டினேன், சட்டையைக் கொடுக்கவில்லை.

"நான் கொண்டாந்தேன். நீ ஊட்டினே."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, வெளியே ஆணியில் மாட்டினார். என்னைத் திட்டியிருக்கலாம். பதினெட்டு வருஷமாகத் திட்டத் தெரிந்த மனுஷன்தானே.

ஜூலை 16

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். நாத்தனார் வந்தாள். கொடி இரண்டு வீட்டுக்கும் பொது.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. உங்க துணியை அந்தக் கோடியில போட்டுக்குங்க. என் பேரப்புள்ள தவழற இடம்."

"சரி."

"எங்க ஜன்னல் ஆலையைப் பார்த்துதானே இருக்கு? பஞ்சு வெள்ளையா இருந்துச்சாமே. நான் கூட பயந்தேன்." சிரித்தாள். "சிக்கனம் பார்த்தா சீக்கிரம் முன்னேறலாம்னு சொல்லுவீங்க. தண்ணியைக் கொட்டியிருக்கலாம் அண்ணி. தண்ணிதானே."

தண்ணிதானே. எத்தனை தடவை எழுதினாலும் அவ்வளவுதான் வருகிறது. தண்ணிதானே.

ஜூலை 19

பெரியவள்தான் கட்டுரை எழுதுகிறாள். ஆறு பிள்ளைகளில் இவள் கையெழுத்து நன்றாக இருக்கும். வரும் வெள்ளிக்கிழமை கண்காட்சி. எல்லா வகுப்பும், எல்லாக் கூட்டாளிகளும் வருவார்கள். மேடையில் இவள்தான் பேசப் போகிறாள்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாள். கடைசிக்கு முந்தின வரி: "ஆலையில் தொழிலாளர்கள் உடை மாற்றவோ, குளிக்கவோ, வேலை உடையைத் துவைக்கவோ இடம் இல்லை. அதனால் தூசு வீட்டுக்கு வருகிறது."

"இன்னொரு தடவை படி."

படித்தாள்.

எனக்கு மூச்சு வந்தது. அங்கே இடம் இருந்திருந்தால் அந்தச் சட்டை என் வாசலுக்கே வந்திருக்காது. வந்ததை நான் உதறினேன். என் கை என் கைதான், அதை நான் எங்கேயும் ஒளிக்க முடியாது. ஆனால் அந்த வரி இருந்தால் என் கையோடு இன்னொரு கையும் சேர்ந்து நிற்கும்.

"மேடையில இதைப் படிப்பியா?"

"படிப்பேன்மா."

"சத்தியமா?"

"எத்தனை தடவை கேப்பே? படிப்பேன்."

இன்று ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டைத் தனியாக வைத்துக்கொண்டுதான். ஆனாலும் பக்கத்தில்.

ஜூலை 25, வெள்ளி

கண்காட்சி. அவர் வரவில்லை. நான் போனேன்.

ரொட்டிக் கடை மேசையில் கூட்டம். சுடச்சுட ரொட்டி கொடுத்தால் கூட்டம் வராமல் இருக்குமா? தண்ணீர் ஆபீஸ் மேசையில் கலங்கல் தண்ணீர் தெளிகிற கண்ணாடிக் குழாய். எங்கள் மேசை மேடைக்குப் பக்கத்திலேயே. ஆலை கொடுத்த பெரிய பலகை.

பலகை நடுவில் நான்.

வகுப்பில் கோட்டை உதறுகிற படம். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள், ஆள் தெரியக் கூடாதென்று. என் வாய் தெரிகிறது. சிரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் என் கட்ட நோட்டின் பக்கத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார்கள். சட்டை 3. கவுன் 2. அதே தண்ணீர். என் கோணல் கையெழுத்து ஆள் உயரத்துக்கு. மேலே தலைப்பு: "பழக்கத்தை மாற்றுவோம், பிள்ளைகளைக் காப்போம்."

ஒரு அம்மா தன் கூட வந்தவளிடம் சொன்னாள், "பெத்தவளே இப்படிப் பண்ணுவாளா? அறிவு வேணாம்?" நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "வேணும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

பெரியவள் மேடை ஏறினாள். நன்றாகப் பேசினாள். ஒரு தடங்கல் இல்லை. ஜன்னல் பஞ்சு, டப் பஞ்சு, இருபது வீடு, எல்லாம் சொன்னாள். அந்த இடம் வந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரியும், அதற்கு முந்தின வரி எது என்று. காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள், கண்டுபிடித்தாள்.

பிறகு கடைசி வரிக்குப் போய்விட்டாள். "எனவே வேலை உடைகளை வீட்டில் உதறாமலும், பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காமலும் இருக்க வேண்டும். நன்றி."

முதல் பரிசு. பாதுகாப்பு மேடம்தான் கொடுத்தாள். இவள் மேல்படிப்பு முழுக்க ஆலை பார்த்துக்கொள்ளுமாம், விடுதியோடு. டீச்சர் கைதட்டினார். தரையைப் பார்த்துக்கொண்டே தட்டினார்.

நானும் தட்டினேன். என் பிள்ளை அல்லவா.

ஜூலை 26

வித்துட்டா. என்னை வித்துட்டா.

ஆகஸ்ட் 2

ஒரு வாரம் அவளுக்குச் சோறு போட்டேன், வாய் திறக்கவில்லை. இன்று அவளே வந்து நின்றாள்.

"கண்காட்சிக்கு மொத நாள் அந்த மேடம் டீச்சரையும் என்னையும் கூப்பிட்டாங்க. அந்த வரி இருந்தா, ஆலை தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும், வக்கீல் விடமாட்டாரு, ரூமும் வராதுன்னாங்க. அந்த வரி இல்லன்னா, பிள்ளைங்க ஆராய்ச்சியைப் பாராட்டி ஆலையே தானா முன்வந்து கட்டுற மாதிரி கட்டுவோம்னாங்க. துணி மாத்த ரூம், குளிக்க ரூம், துவைக்க மிஷின்."

"விடுதியும் அப்பத்தான் சொன்னாளா?"

"ஆமா."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"லேப் சாமான் எல்லாம் ஆலை கொடுத்ததும்மா. அவங்க ஒண்ணும் சொல்லல. நீயே முடிவு பண்ணுன்னாங்க."

பதினாறு வயசுப் பிள்ளையை முடிவு பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பெரிய மனுஷர்கள் சேர்ந்து. ஒருத்தி மேடம், ஒருத்தர் டீச்சர், ஒருத்தர் முகம் தெரியாத வக்கீல்.

"கொட்டகையில நூறு பேர் இருக்காங்கம்மா. எல்லார் வீட்டுலயும் சின்னப் பிள்ளைங்க. நான் கணக்குப் போட்டேன். உன் பேரைக் கொடுத்து ரூமை வாங்கினேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பியா?"

இந்த நோட்டில் பொய் எழுதக் கூடாது. கொடுத்திருக்க மாட்டேன். நூறு பிள்ளைகள் எக்கேடு கெட்டுப் போகட்டும், என் பிள்ளை செத்ததற்கு நான் மட்டும் காரணம் இல்லை என்று ஒரு வரி வேண்டும் என்றுதான் இருந்திருப்பேன்.

"தங்கச்சி இருந்தா, அவளுக்கு எது வேணும்னு பார்த்தேன்மா" என்றாள்.

"தங்கச்சி பேரை எடுக்காதே. போ."

போய்விட்டாள்.

ஆகஸ்ட் 19

நீல டப்பை அவர் எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். அது இருந்த இடத்தில் தரை வட்டமாக வெளுத்திருக்கிறது.

செப்டம்பர் 8

பெரியவளை விடுதியில் விட்டு வந்தோம். பெட்டி தூக்கிக் கொடுத்தேன். வாசலில் என் கையைப் பிடித்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்து, மருந்து விட்டுப் பார்த்தாள். பழக்க தோஷம். இல்லை, தெரிந்துதான் செய்தாள்.

சிவக்கவில்லை.

"நல்லா இருக்கும்மா" என்றாள். அப்போதுதான் அழுதாள். அடித்தபோது கூட அழாதவள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 22

ரூம் கட்டி முடித்துவிட்டார்கள். சொன்னபடி செய்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். பாதுகாப்பு மேடம் வீட்டுக்கே வந்தாள். செருப்பை வெளியே கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, உட்காராமலே பேசினாள்.

"மிஷின் ரூமுக்கு ஒரு ஆள் வேணும் அக்கா. துவைக்கிற வேலை உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே உதவி என்று நினைத்துத்தான் சொல்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிண்டலாக இருந்தால் துப்பியிருப்பேன்.

"என் பொண்ணு செத்தது எந்த மாசம் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"...மே மாசமா அக்கா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அவரிடம் கேட்டேன். இரண்டு மாசத்துக்குப் பிறகு நேராக என்னைப் பார்த்துப் பேசினார். "போ. என் சட்டையையும் நீயே பார்த்துக்க" என்றார். அது மன்னிப்பா, தண்டனையா? கேட்டால் அவருக்கே தெரியாது.

செப்டம்பர் 29, திங்கள்

முதல் நாள். மூக்குமூடி, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது: உதறாதே. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு படமும். சட்டை உதறுகிற பெண், மேலே சிவப்புக் குறுக்குக்கோடு. அதுவும் நான்தான். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள், அதே தலைமுடி.

நூற்றுப் பன்னிரண்டு சட்டை. ஆண்கள் கதவிடுக்கு வழியாகப் பையைத் தள்ளுகிறார்கள். நான் அப்படியே மிஷினில் போடுகிறேன். எல்லா சட்டையும் ஒரே மாதிரி. அவருடையது எது என்று மட்டும் தெரிந்தது. இடது கைப் பட்டன் நான் கறுப்பு நூலால் தைத்தது.

கொட்டகைக்காரர் ஒருவர், "அக்கா, என் பையன் இப்பல்லாம் வாசல்லயே வந்து என் கழுத்தைக் கட்டிக்கறான், பயமில்லாம தூக்கிக்கறேன்" என்று பல்லைக் காட்டினார். என்னிடம் சொல்லக் கூடாது என்று அவருக்குப் பாதியில்தான் உறைத்தது. பையை வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

குளித்து, வேறு துணி உடுத்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 17

பெரியவளிடமிருந்து கடிதம். வேதியியலில் முதல் மார்க்காம். கீழே சின்னதாக: "அந்த வரியை நான் எழுதி வச்சிருக்கேன்மா. கிழிக்கல."

கிழிக்காமல் வைத்து என்ன செய்யப் போகிறாள்? கடிதத்தை மடித்து என் பையில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

இந்த நோட்டில் இன்னும் ஒரு பக்கம்தான். அந்தப் பக்கம் திருப்பினால் சின்னவள் கிறுக்கல் வந்துவிடும். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்று வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆலையைப் பார்க்க வந்தார்கள். திட்டம் நன்றாக நடக்கிறதாம், இனி புதன்கிழமைதோறும் ஒரு வகுப்பு வருமாம். அறிவியலும் அன்றாட வாழ்க்கையும் என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். பாதுகாப்பு மேடம் மிஷின் ரூமுக்கு அழைத்து வந்தாள். "இவங்கதான் நம்ம கூட்டாளி" என்று என்னைக் காட்டினாள். பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள்.

"அக்கா, எப்படிச் செய்யக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்கு ஒரு தடவை காட்டிடுங்க" என்று ஒரு சட்டையை நீட்டினாள். புதுச் சட்டை, பையிலிருந்து பிரித்தது. இனி இதற்கென்றே தனியாக வைத்திருப்பார்களாம்.

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். முன்வரிசையில் சின்னதுகள், தரையில் சப்பணம் போட்டு. தோள் இரண்டையும் பிடித்துக் கையை ஓங்கினேன்.

சுத்தமான சட்டைதான். இருந்தாலும் கீழே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் உதறினேன்.